கடைசி நாட்களை இல்லத்திலேயே பார்த்துக்கொள்ளலாமா? பார்த்துக்கொள்பவர்களை எப்படித் தக்கவைப்பது?

கேட்கப்பட்டது இது: "எங்கள் ஊரில் 28 பேர் தங்கும் ஒரு சிறிய முதியோர் இல்லத்தை நடத்துகிறேன். கடந்த 8 மாதங்களில் 5 பேர் இறந்துவிட்டார்கள். அதே காலத்தில் 4 பராமரிப்புப் பெண்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சாவைப் பார்த்துப் பயந்து போகிறார்கள் என்று நினைக்கிறேன். இனி முடியாத நிலைக்கு வருபவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாமா? இப்போதும் 84 வயதுப் பாட்டி ஒருவர் ஒரு வாரமாகச் சாப்பாட்டை ஒதுக்குகிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் டியூப் போடச் சொல்கிறார். என்ன செய்வது?"

பாட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். டியூப் போடுவதா வேண்டாமா என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் பாலியேட்டிவ் நர்ஸ். நோயை இனிக் குணமாக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக வீடுகளுக்கும் உங்களுடையது போன்ற சிறிய இல்லங்களுக்கும் போய் வருகிறேன். வேலையை விட்டுப் போன பெண்கள் பலரோடு பிறகு பேசியிருக்கிறேன். இல்லத்தை நடத்துபவரிடம் "வீட்ல வேலை இருக்கு சார்" என்று சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்ன காரணம் வேறு.

அதைக் கேட்டால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே ராத்திரியின் கதைதான் வரும். மணி இரண்டு. நைட் டியூட்டியில் ஒரே ஒரு ஆயா. ஒரு தாத்தாவுக்கு மேல்மூச்சு வாங்குகிறது, தொண்டையில் கரகரவென்று சத்தம். பொறுப்பாளருக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. எந்த டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. 108-ஐக் கூப்பிடுகிறாள். மருத்துவமனையில் "ஏன் இவ்வளவு லேட்டா கொண்டுவந்தீங்க?" என்று அவளைக் கேட்கிறார்கள். அங்கே தாத்தா இறந்துபோகிறார். விடியற்காலையில் மகள் போன் செய்து "எங்க அப்பாவ என்ன பண்ணீங்க?" என்று அவளைத்தான் கேட்கிறாள். ஆறு மணிக்கு இல்லத்துக்குத் திரும்பி, மற்ற ஏழு பேரைக் குளிப்பாட்ட வேண்டும். மூன்று வருடம் அந்தத் தாத்தாவுக்கு ஊட்டிவிட்ட கை அது. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல யாரும் இல்லை. அடுத்த மாதச் சம்பளம் வாங்கியதும் நின்றுவிடுகிறாள்.

இவளைச் சாவு விரட்டவில்லை. சாகிறவரோடு தன்னந்தனியாக விடப்பட்டதும், என்ன நடக்கிறது என்று தெரியாததும், முடிவெடுக்க அதிகாரம் இல்லாமல் பழி மட்டும் வந்து சேர்ந்ததும்தான் விரட்டின. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே பெண்கள், நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு சாவைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகமே மாறிவிடும். "அந்த ஆத்தா என் மடியிலதான் சிஸ்டர் போச்சு. நல்ல சாவு" என்று பெருமையாகச் சொல்வார்கள். வேலையிலேயே பெரிய மனநிறைவும் பெரிய காயமும் ஒரே இடத்திலிருந்துதான் அவர்களுக்கு வருகின்றன. சாகும் தறுவாயில் இருப்பவர்களை எல்லாம் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால் காயம் குறையாது, நிறைவு மட்டும் போய்விடும். ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதுகூட இல்லை.

ஆகவே என் பதில்: பெரும்பாலானவர்களை இல்லத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும், பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு முறிவு, நிற்காத ரத்தப்போக்கு, மருந்து கொடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல் அல்லது வலி, இவற்றுக்கு மருத்துவமனை தேவை. ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் இல்லத்தில் வைத்துக்கொள்வது, அனுப்புவதைவிட மோசம். அந்த முன்னேற்பாடுதான் ஊழியர்களையும் காப்பாற்றும்.

ஜப்பானை ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன். மக்கள்தொகையில் முதியவர்களின் பங்கு மிக அதிகமாக உள்ள நாடு என்பதால் நமக்கு முன்பே இந்தச் சிக்கலைச் சந்தித்தவர்கள். 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். 2006-இல் 29 பேர் வரை மட்டும் தங்கும் சிறிய, உள்ளூர் சார்ந்த இல்லங்கள் என்று ஒரு வகையையே தனியாக உருவாக்கினார்கள். அதே ஆண்டு, ஒருவரின் கடைசி நாட்களை இல்லத்திலேயே பார்த்துக்கொண்டால் அந்த இல்லத்துக்குக் கூடுதல் தொகை என்றும் வைத்தார்கள். முதலில் முதியோர் இல்லங்களுக்கு, 2009-இல் மறதி நோயாளிகள் ஒன்பது பேர் வரை சேர்ந்து வாழும் சின்னச் சின்ன வீடுகளுக்கும். கடைசிப் பராமரிப்பை அவர்கள் 'மிதோரி' என்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு வழியனுப்புவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பல இல்லங்களில், இறந்தவரின் உடலைப் பின்வாசல் வழியாக ஒளித்து எடுத்துப்போவதில்லை. வந்த வாசல் வழியாகவே, ஊழியர்கள் வரிசையாக நின்று கும்பிட்டு அனுப்புகிறார்கள். சில நாட்கள் கழித்து ஊழியர்கள் எல்லோரும் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்: எது நன்றாக நடந்தது, எது உறுத்துகிறது, அவரோடு எது மறக்கவில்லை.

நம் ஊரில் அந்தத் தொகை கிடையாது. ஆனால் வாசல் நம்முடையது. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கும் செலவு இல்லை. நான் போய்வரும் ஓர் இல்லத்தில் முன்பெல்லாம் யாராவது இறந்தால் மற்றவர்களை அறைக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறைப் பக்கமாக எடுத்துப்போவார்கள். மற்ற பெரியவர்கள் பயந்துவிடுவார்களாம். உண்மையில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு பாட்டி என்னிடம், "நானும் அந்த வழியாத்தான் போவேனா?" என்று கேட்டார். அதை இல்லத்தை நடத்துபவரிடம் சொன்னேன். அடுத்த முறை முன்கூடத்தில் கிடத்தி, விளக்கேற்றி, வர விரும்பியவர்களை வரவிட்டார்கள். அந்தப் பாட்டியும் வந்து பூப்போட்டார். ஆயாக்களுக்கும் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழ இடம் கிடைத்தது.

இந்த அழுகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இல்லம் நடத்துபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நம் ஊரில் துக்கத்துக்கு ஒரு முறை இருக்கிறது. பங்காளிக்குத் தீட்டு, மகனுக்குக் கொள்ளி, மருமகளுக்கு ஒப்பாரி, வந்தவர்களுக்குச் சாப்பாடு. பத்து வருடமாகப் பார்க்க வராத பங்காளிக்குக்கூடத் துக்கத்தில் இடம் உண்டு. தினமும் பல் தேய்த்துவிட்டு, மலம் துடைத்து, பாட்டுப் பாடித் தூங்கவைத்த ஆயாவுக்கு எந்த இடமும் இல்லை. அன்றைக்கு மாலையே அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போடச் சொல்வோம். அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா இப்படிப்பட்ட துக்கத்துக்கு 1989-இல் ஒரு பெயர் கொடுத்தார். துக்கப்படும் உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் தராத துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அடக்கிய துக்கம் எங்கேயும் போய்விடாது. சில மாதங்கள் கழித்து எரிச்சலாக, முதுகுவலியாக, அடிக்கடி எடுக்கும் லீவாக, அடுத்து வருபவரிடம் ஒட்டாமல் வேலை செய்வதாக வெளியே வரும். "இந்த ஆயா முன்ன மாதிரி இல்ல, கல்லு மாதிரி ஆயிட்டா" என்று சொல்கிறோமே, பல சமயம் அது மனதுக்குள் போட்டுக்கொண்ட காப்பு.

அப்படியானால் என்ன செய்யலாம்? கட்டிலை ஒரு நாளாவது காலியாக விடுங்கள். அவரை அதிகம் பார்த்துக்கொண்டவருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள், லீவில் இருந்தாலும். மயானம் வரைக்கோ, காரியத்துக்கோ போக விரும்பினால் சம்பளம் பிடிக்காமல் அனுப்புங்கள். குடும்பத்தாரிடம், "கடைசி வரை கூட இருந்தது இந்த அக்காதான்" என்று அறிமுகம் செய்துவையுங்கள். மகனோ மகளோ அந்தக் கையைப் பிடித்து ஒரு நன்றி சொன்னால், அதை அவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சரி, இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு. அதற்கு முன்பு செய்ய வேண்டியதில் முதலாவது, சாவு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஆரம்ப காலத்தில் ஓர் இல்லத்தில் ஒரு முழு நாள் வகுப்பு எடுத்தேன். படுக்கைப்புண், யூரின் பை, வலிமருந்து எல்லாம் சொன்னேன். கடைசி சில மணி நேரம் எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. பயப்படுவார்களே என்று தவிர்த்தேன். இரண்டு வாரம் கழித்து நள்ளிரவில் அங்கிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டாள்: "சிஸ்டர், மூச்சு நின்னு நின்னு வருது, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்." அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான்தான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் சொல்கிறேன். வாரக்கணக்கில் சாப்பாடு குறையும், தூக்கம் கூடும். கடைசி நாட்களில் விழுங்குவது நிற்கும், சிறுநீர் குறைந்து கருக்கும். கைகால் சில்லிடும், முழங்காலிலும் பாதத்திலும் ஊதாத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாக வந்து, மெல்லக் குறைந்து, அரை நிமிடம்வரை நின்று, திரும்ப வரும். தொண்டையில் சளி கரகரக்கும். பார்ப்பவருக்கு அது மூச்சு முட்டுவது போலத் தோன்றும். நினைவிழந்த நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அதில் அவதி இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே பாதி அடங்கும். குழாய் விட்டுச் சளியை உறிஞ்சும் சக்ஷனை ஆழமாகப் போட்டால் தொந்தரவுதான் கூடும். சளிச் சுரப்பைக் குறைக்கும் ஊசி இருக்கிறது, டாக்டர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவைக்கலாம். இந்த நேரத்தில் ட்ரிப்ஸ் ஏற்றினால் அந்தத் தண்ணீரே நுரையீரலிலும் தொண்டையிலும் சேர்ந்து சத்தத்தை அதிகமாக்கும்.

இன்னொன்று, பால் ஊற்றுவது. கடைசி நேரத்தில் வாயில் பாலோ துளசித் தண்ணீரோ விட வேண்டும் என்று குடும்பம் கேட்கும். நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் கரண்டியால் ஊற்றினால் விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டிலும் நாக்கிலும் தடவச் சொல்லுங்கள். சடங்கும் நிறைவேறும், அவருக்கும் இருமல் வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயை இப்படி ஈரமாக்குவது எப்படியும் நாம் செய்ய வேண்டிய வேலைதான். பேசிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். இறக்கும் தறுவாயில், எந்த அசைவும் இல்லாமல் கிடந்தவர்கள் சிலரின் மூளைகூட ஒலிக்குப் பதில் காட்டியதைக் கனடாவில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நம் ஆயாக்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனால் படித்தவர் ஒருவர் சொன்னால் வெட்கமில்லாமல் பேசுவார்கள்.

இரண்டாவது, காகிதம். ஊழியர்களின் பயத்தில் பாதி, "நாளைக்கு நம்ம மேல வந்துடுமோ" என்ற பயம். தென்மாவட்டங்களில் இன்னொரு நிழலும் உண்டு. முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவைக்கும் தலைக்கூத்தல் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். "டியூப் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம்னா அதுவும் அது மாதிரிதானே சிஸ்டர்?" என்று ஒரு பெண் நேராகவே கேட்டாள். கேட்டது நல்லது. பலர் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அங்கே சாவை வரவழைக்கிறார்கள். இங்கே வந்துகொண்டிருக்கும் சாவை நாம் தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. வலி, தாகம், பயம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். இந்த வித்தியாசத்தை ஊழியர்கள் தங்கள் வாயால் சொல்லும் அளவுக்குப் பேசித் தெளிவாக்குங்கள்.

இல்லத்தில் ஒருவரைச் சேர்க்கும்போதே, அல்லது சேர்ந்த ஒரு மாதத்துக்குள், அவரிடமும் குடும்பத்திடமும் பேசி எழுதிவையுங்கள். உடம்பு ரொம்ப முடியாமல் போனால் எங்கே இருக்க ஆசைப்படுகிறார்? ஐசியூ, வெண்டிலேட்டர் வேண்டுமா? யாரைக் கூப்பிட வேண்டும்? முதலில் பெரியவரிடமே கேளுங்கள். பிள்ளைகளைக் கேட்டுவிட்டு அவரை விட்டுவிடுகிறோம். பெரும்பாலோர் கேட்பதற்காகவே காத்திருப்பார்கள். செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட வேண்டும் என்ற கடினமான நிபந்தனையை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும் என்றது. எல்லோரும் அதுவரை போக வேண்டியதில்லை. ஆனால் டாக்டர், குடும்பம், இல்லம் மூவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் ஃபைலின் முதல் பக்கத்தில் இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு ஆயாவுக்கு அது பெரிய துணை.

டாக்டர் விஷயத்திலும் அப்படித்தான். மாதம் ஒருமுறையாவது வந்து பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும். கடைசி நோயின்போது சிகிச்சை அளித்த மருத்துவர் இறப்புக்கான காரணச் சான்றிதழைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்களுக்கு அது படிவம் 4ஏ. பதிவுக்கு 21 நாள் அவகாசம். உடலைக் கொண்டுபோய் மருத்துவமனை வாசலில் நின்றால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்று நினைத்து, உயிர் போகும் நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் இல்லங்களைப் பார்த்திருக்கிறேன். அவருடைய கடைசி ஒரு மணி நேரம் அந்த அலைச்சலிலேயே போய்விடும். (கீழே விழுந்து அடிபட்டு இறந்தால் அது வேறு. காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.)

மூன்றாவது, வலி. வலியில் கத்தும் ஒருவரைப் பார்த்துக்கொண்டு, கொடுக்க மருந்தில்லாமல் நிற்பதைப் போல ஊழியரை நொறுக்குவது வேறெதுவும் இல்லை. புற்றுநோய் வலிக்கும் கடைசிக் கட்ட மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் என்ற வலிமருந்து நன்றாகக் கேட்கும். சரியான அளவில், டாக்டர் கண்காணிப்பில் கொடுத்தால் சாவை அது துரிதப்படுத்துவதில்லை. கூடவே மலமிளக்கி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். போதைமருந்துச் சட்டத்தின் பல உரிம நடைமுறைகளால் மார்ஃபின் பல ஆண்டுகள் கிடைக்காமல் இருந்தது. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அந்தத் திருத்தத்துக்காக விடாமல் உழைத்தவர்களில் முக்கியமானவர் கேரளாவின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். அவரும் நண்பர்களும் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலையிலிருந்துதான், அக்கம்பக்கத்துச் சாதாரண மனிதர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் கேரள முறை வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு அதற்கென ஒரு கொள்கையே அறிவித்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், வீடு தேடி வரும் ஆதரவு (பாலியேட்டிவ்) சிகிச்சை ஒரு பகுதி. உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், உங்கள் இல்லத்தையும் அவர்கள் போகும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் பாலியேட்டிவ் பிரிவு இருக்கிறதா, மார்ஃபின் தருகிறார்களா என்றும் விசாரித்து எழுதிவையுங்கள்.

அப்புறம் சம்பளம். இதைச் சொல்லாமல் ஊழியர் திருப்தியைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்ன ஒரு கருத்து எனக்கு உதவியிருக்கிறது. வேலையில் அதிருப்தியைத் தருவதும் திருப்தியைத் தருவதும் வேறு வேறு விஷயங்கள் என்றார். சம்பளம், டியூட்டி நேரம், மேலாளரின் நடத்தை போன்றவை சரியில்லை என்றால் அதிருப்தி வரும். அவற்றைச் சரிசெய்தால் அதிருப்தி நீங்கும், ஆனால் அதனாலேயே திருப்தி வந்துவிடாது. திருப்தி வேலையின் உள்ளேயிருந்து வர வேண்டும்: செய்த வேலையின் பொருள், கிடைத்த மதிப்பு, கற்றுக்கொண்டது, சொந்தமாக முடிவெடுத்தது. அவருடைய கருத்தை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் இல்லங்களில் நான் பார்த்தது இதற்குப் பொருந்துகிறது. பன்னிரண்டு மணி நேர டியூட்டி, தாமதமாக வரும் சம்பளம், உட்கார ஒரு நாற்காலி இல்லாத ராத்திரி, இவற்றை வைத்துக்கொண்டு "இது சேவை" என்று பேசினால் யாரும் நிற்க மாட்டார்கள். நிற்கவும் வேண்டாம். அதேபோல, ஐநூறு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டு, சாகும் மனிதரோடு அவளைத் தனியாக விட்டாலும் நிற்க மாட்டார்கள்.

உங்களிடம் பணம் குறைவு என்று புரிகிறது. அப்படியென்றால் முதல் ரூபாயை ராத்திரிக்குச் செலவிடுங்கள். யாராவது கடைசி நாட்களில் இருக்கிறார் என்று தெரிந்தால், அந்தச் சில இரவுகளுக்கு இரண்டாவது ஆள் ஒருவர். வெளியிலிருந்து ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே வந்து தங்குங்கள். இதைச் செய்யும் ஓர் இல்லத்தை எனக்குத் தெரியும். நடத்துபவருக்கு மருத்துவம் எதுவும் தெரியாது, நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அங்கே ஆறு வருடமாக இருக்கும் பெண்களும் உண்டு.

யார் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று எப்படி முன்கூட்டியே தெரியும் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் பயன்படுத்தும் எளிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இவர் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" மாதம் ஒருமுறை 28 பேரின் பெயரையும் வாசித்து, இதை ஆயாக்களிடம் கேளுங்கள். சமையல் அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யார் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். ரத்தப் பரிசோதனை சொல்வதற்கு முன்பே "இந்த ஐயா இப்ப சேலை நிறம் பேசறதில்ல" என்று ஒருத்தி சொல்வாள். தினமும் அவள் கட்டி வரும் சேலையின் நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தவர் அவர். சிறிய இல்லத்தின் பலம் இதுதான். அவள் சொன்னதைக் குறிப்பேட்டில் அவள் பெயரோடு எழுதி, டாக்டர் வரும்போது அவளையே பேசச் சொல்லுங்கள். அவளுடைய பேச்சுக்கு எடை இருக்கிறது என்று தெரியும் அந்த நாள், அவளுக்குச் சம்பள உயர்வு கிடைத்த நாளைவிடக் குறைந்தது இல்லை.

இப்போது உங்கள் பாட்டி. ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை என்றால் அது கடைசிக் கட்டம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முதலில் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்தில் சரியாகும். பல்செட் தளர்ந்து ஈறு புண்ணாகியிருக்கிறதா? மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று? சிறுநீர் கழிக்கும்போது முகம் சுளிக்கிறாரா, காய்ச்சல் இருக்கிறதா? சமீபத்தில் ஏதாவது புது மாத்திரை? பக்கத்துக் கட்டில் தோழி யாராவது இறந்துபோய் மனம் உடைந்திருக்கிறாரா? ஐந்து பேர் போய்விட்டார்கள் என்கிறீர்களே, அதில் அவருக்கு நெருக்கமானவர் யார்? இதையெல்லாம் நாளைக்கே டாக்டரை வரவழைத்துப் பார்க்க வேண்டும். சரிசெய்யக்கூடிய காரணம் கிடைத்தால் பாட்டி மறுபடி சாப்பிடுவார்.

ஒன்றும் கிடைக்கவில்லை, மறதி நோயோ முதுமையோ முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னால், டியூப் பற்றி மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். முற்றிய மறதி நோயில் டியூப் வழி உணவு ஆயுளை நீட்டுவதாகவோ, புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கமே அதைவிடக் கையால் கவனமாக ஊட்டுவதைத்தான் பரிந்துரைக்கிறது. பிடுங்காமல் இருக்க டியூப் போட்டவர்களின் கையைக் கட்டிவைப்பதையும் பார்த்திருக்கிறேன். உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி குறைவது இயல்பு. சாப்பிடாததால் சாகவில்லை, உடம்பு முடிவை நெருங்குவதால் சாப்பிடவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, அவர் கேட்கும்போது, கேட்கும் அளவு: இரண்டு ஸ்பூன் ரசம் சாதக் கஞ்சியோ, ஒரு வாய் ஐஸ்கிரீமோ. மகனோடு சண்டை போடாதீர்கள். "அம்மா பட்டினி கிடக்கிறாங்களா?" என்ற குற்றவுணர்வில்தான் அவர் டியூப் கேட்கிறார். ஊட்டும் நேரத்தில் வீடியோ கால் போட்டு, ஆயாவின் கையையும் அம்மாவின் முகத்தையும் பார்க்கவிடுங்கள். விமான டிக்கெட் எடுப்பதா என்று கேட்டால், தயங்காமல் இப்போதே வரச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி யார் டியூட்டி என்று பாருங்கள். மாலையில் அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, பாட்டிக்கு என்ன நடக்கலாம், எது நடந்தால் பயப்பட வேண்டாம், எது நடந்தால் கூப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். டாக்டர் நம்பரையும் உங்கள் நம்பரையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் போனை சைலண்டில் போடாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். அவர் கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்து, "வந்துட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.